உருமால் விழுங்கிய சுவர்

மேச்சேரிச் சந்தைக்குப் போகிற தடத்தில் பங்காளிகள் சேர்ந்து குடியிருக்கிற எங்கள் வளவு இருக்கிறது. அதில் காரைவீடு என்று ஒரே ஒரு வீடுதான். மற்றதெல்லாம் மண்சுவரும் ஓலைக்கூரையும். அந்த வீட்டைக் கட்டியவர் என் மாமனாரின் அண்ணன். செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு அரைத்துப் பூசி, நாட்டு ஓடு போட்டுக் கட்டினார். அதைக் கெடுத்தவர் அவருடைய ஒரே மகன் அங்கமுத்து. கட்டினவர் பெயர் இப்போது வளவில் பாதிப் பேருக்குத் தெரியாது. கெடுத்தவர் பெயரைச் சொன்னால் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். நான் கெடுத்தவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

என் வீட்டுக்காரர் பச்சமுத்துவும் அங்கமுத்துவும் பங்காளிகள், அண்ணன் தம்பி பிள்ளைகள். எனக்கு அவர் மாமா முறை. கடைசிவரை வாங்க போங்க என்றுதான் பேசினேன். வாய் மட்டும்தான் மரியாதை கொடுத்தது.

அந்த மனுசனுக்குத் தொழில் என்று எதுவும் கிடையாது. மானாவாரி விளைகிற காடு இருந்தது. அதை அவர் பெண்சாதி குஞ்சம்மாள் பார்த்துக்கொண்டாள். அவருடைய வேலை காரைவீட்டுக்காரராக இருப்பது. பஞ்சாயத்தில் வாயைத் திறந்தாலும் சரி, கலியாணத்தில் பந்திக்கு உட்கார்ந்தாலும் சரி, "நான் காரவூட்டு அங்கமுத்து" என்றுதான் ஆரம்பிப்பார். ஆடு வளர்க்க மாட்டார். எங்கள் பக்கத்தில் ஆடு இல்லாத குடியானவனைப் பார்க்க முடியாது. அவரைக் கேட்டால், "புழுக்கைய மிதிக்கறதுக்கா எங்கய்யன் காரவூடு கட்டினாரு?" என்பார்.

அந்த அய்யனுடைய உருமால் ஒன்று வீட்டில் இருந்தது. உருமால் என்றால் தலைப்பாகைத் துணி. ஜரிகைக் கரை போட்டு, பத்து முழத்துக்குக் குறையாமல் நீளமாக இருக்கும். பெரியவர் அதைக் கட்டிக்கொண்டு பஞ்சாயத்துக்குப் போனால் எதிரே வருகிறவன் ஒதுங்கி நிற்பானாம். ஆடி மாதம் செத்தவர்களுக்குப் படைக்கிறபோது அதை எடுத்து இலைக்கு முன்னால் வைத்துக் கும்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். பெட்டிச் சாவியை அங்கமுத்து அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பார். குளிக்கும்போதுகூட அவிழ்க்க மாட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அய்யன் கட்டிய வீட்டுக்கு அவர் ஒரு கூடைச் சுண்ணாம்பு வாங்கிப் போட்டதில்லை. பொங்கலுக்குப் பொங்கல் நாங்கள் மண்சுவருக்கே வெள்ளையடிப்போம். அவர் மட்டும், "காரைக்கு எதுக்கு வெள்ள? அது கெட்டி" என்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஓட்டில் ஒழுகின தண்ணீர் சுவருக்குள் இறங்கியது. அடிச்சுவரில் உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. முன்பக்கம், வாசல் நிலைக்கு மேலே ஆரம்பித்துக் கீழே தரைவரைக்கும் ஒரு வெடிப்பு ஓடியது. கையை உள்ளே விடலாம். சுவர் உச்சியில் ஓர் அரசங்கன்று முளைத்தது. குஞ்சம்மாள் ஏணி வைத்து அதைப் பிடுங்கப் போனாள்.

"உடு புள்ள. அரசு தானா மொளச்சா ஊட்டுக்கு ராசி" என்றார்.

"வேரு செங்கல்லத் தள்ளுதுங்க."

"தள்ளுனாத் தள்ளட்டும். செங்கல்லு நம்முளுதுதான."

இந்தப் புத்திக்கு என்ன மருந்து இருக்கிறது? குஞ்சம்மாள் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் வாய் பேசுகிறவள் இல்லை. வீட்டுக்குள்ளே தன் கைக்கு எட்டின இடத்தையெல்லாம் மண்ணும் சாணியும் குழைத்து மெழுகி வைத்திருந்தாள். உள்ளே நுழைந்தால் அது ஒரு வீடு. வெளியே நின்று பார்த்தால் பாழடைந்த சத்திரம்.

மேட்டூரில் அணைக்கட்டு முடிகிற சமயம் அது. குஞ்சம்மாளின் தம்பி தங்கசாமி சேலத்தில் ஒரு பஸ்ஸுக்குக் கூட்டாளி. ஓமலூர் வழியாக மேச்சேரிக்கு வந்துபோகிற பஸ். ஒரு நாள் அவன் அக்காளைப் பார்க்க வந்தான். தன்னுடைய கூட்டாளி ஒருத்தர் விலகப் போகிறார், வேண்டுமானால் அந்தப் பங்கை அங்கமுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னான்.

"ஆடிப் பதினெட்டு வரைக்கும் உங்குளுக்குன்னு நிறுத்தி வெக்கறனுங்க மச்சான். அதுக்கு மேல முடியாது. ஓமலூர்க்காரரு ஒருத்தரு காத்துக்கிட்டிருக்காரு."

வண்டி எப்படி ஓடுகிறது, செலவு என்ன, மிச்சம் என்ன என்று எவனும் கேட்பான். இவர் கேட்கவில்லை. இவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"டிரைவருக்குப் பக்கத்து சீட்டுல கூட்டாளி உக்காரலாமா?"

"உங்க வண்டிங்க. நீங்க எங்க வேணாலும் உக்காருங்க."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. வீட்டை விற்றால்தான் பங்கு. ஆனால் வீட்டை விற்பதற்கு முன்னாலேயே சேலம் போய் ஒரு கறுப்புக் கோட்டு தைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஊட்ட வித்துட்டா நாம எங்கீங்க இருக்கறது?" என்று குஞ்சம்மாள் கேட்டாள்.

"சேலத்துல. இனிமே நீ பஸ் மொதலாளி ஊட்டுக்காரி."

"காட்ட என்னங்க பண்றது? அதையும் பஸ்ஸுல ஏத்திக்கலாமுங்களா?"

அவருக்கு அது புரிந்ததோ என்னவோ, கோட்டை எடுத்து மாட்டிப் பார்த்துக்கொண்டார்.

அணையில் தண்ணீர் கட்டினால் ஆற்றோரத்து ஊர்கள் முழுகிப்போகும். அந்த ஊர்க்காரர்கள் எங்கள் பக்கமெல்லாம் வீடு தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் சென்றாயன் என்று ஒருத்தர், அவர் பெண்சாதி உண்ணாமலை. ஆட்டு மந்தை வைத்துப் பிழைக்கிறவர்கள். அங்கமுத்து அவர்களைச் சந்தையில் பிடித்தார். காரைவீடு, பெரியவர் கட்டியது, அஸ்திவாரக் கடைக்கால் பாறைமேல் நிற்கிறது என்று அளந்தார். கடைக்காலைப் பற்றிச் சொன்னது மட்டும் நிஜம். வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறோம் என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சந்தையிலிருந்து வீட்டுக்கு வந்தவுடன் அங்கமுத்து வாசலில் நின்று சுவரை அண்ணாந்து பார்த்தார். அத்தனை வருசத்தில் அன்றைக்குத்தான் அவர் அந்தச் சுவரைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

கொத்தனாரைக் கூப்பிட்டிருந்தால் அந்த வெடிப்பை அகலக் கொத்தி, செங்கல் சில்லு வைத்து, காரை போட்டு இறுக்கியிருப்பார். இவர் கூப்பிடவில்லை. "விக்கிற ஊட்டுக்குக் கொத்தனாரு எதுக்கு? பாக்க நல்லாருந்தாப் போதும்" என்று தானே இறங்கிவிட்டார். குஞ்சம்மாள் காட்டுக்குப் போன பிறகு, பகல் பூராவும் கதவைச் சாத்துவதும் திறப்பதுமாக இருந்தார். வெடிப்பையும் பொந்தையும் எதை எதையோ திணித்து அடைத்தார். என்ன திணித்தார் என்று அப்போது யாருக்கும் தெரியாது. மேலே மண்ணைக் குழைத்து அப்பி, கையால் தடவிவிட்டார். அரசங்கன்றைப் பிடுங்கவில்லை. ஒடித்துவிட்டு, நின்ற முளைமேல் சுண்ணாம்பைப் பூசினார். சாரல் அடித்து அழுக்கான அடிப்பக்கத்துக்குச் செம்மண்ணைக் கரைத்து ஒரு கரை இழுத்தார். எல்லாம் முன்பக்கத்துக்கு மட்டும்தான். பக்கத்துச் சுவர்கள் பல்லை இளித்துக்கொண்டு அப்படியே கிடந்தன.

பிறகு வெள்ளை. சுண்ணாம்பு வாங்கினது கொஞ்சம், கஞ்சித் தண்ணீர் ஊற்றினது நிறைய. சுவரில் ஒட்டுவதற்கு உப்பு. கொத்தனார்கள் காரைக்குக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விடுவார்கள் என்று எங்கேயோ கேட்டிருக்கிறார். கடுக்காய்க்குக் காசு வேண்டும், அதனால் அது வேண்டாம். வெல்லம் காய்ச்சுகிறபோது மேலே நுரைக்கிற அழுக்குப் பாகைக் கரும்பு ஆலையில் கீழே கொட்டுவார்கள். அதைச் சும்மா கேட்டு மொடா நிறையத் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றினார்.

நான் எங்கள் ஆடுகளைப் பட்டிக்கு ஓட்டிக்கொண்டு வந்தவள் நின்று பார்த்தேன்.

"மாமா, எத்தன உப்புங்க போடறீங்க?"

"ஒட்டோணுமல்ல."

"பாகு வேற ஊத்தறீங்க. ஆடு நக்குமுங்க."

"காரவூட்டுச் செவுத்த நக்கற தெகிரியம் எந்த ஆட்டுக்கு அம்மிணி இருக்குது?"

"அது காரவூடுன்னு ஆட்டுக்குத் தெரியாதுங்களே."

முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளையடிக்கிற மட்டையைச் சுவரில் அறைந்தார். உப்புப் பூத்த சுவரைக் கண்டால் ஆடு விடாது என்பது எங்கள் பக்கத்தில் நடக்கப் பழகின பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆடு வளர்ப்பது கேவலம் என்று இருந்தவருக்கு அது தெரியவில்லை.

காய்ந்த பிறகு பார்த்தால், இல்லாததைச் சொல்லக் கூடாது, தூரத்துக்கு நன்றாகத்தான் இருந்தது. வழியே போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "யோவ், காரவூடு மறுபடி வயசுக்கு வந்திருச்சு" என்று ஒருத்தன் சொல்லிவிட்டுப் போனான். அங்கமுத்து அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறினபோது சென்றாயனும் உண்ணாமலையும் வந்தார்கள். மந்தையோடு வந்தார்கள். ஆட்டுக்காரர்கள் மந்தையை எங்கே விட்டுவிட்டு வருவார்கள்? இதையும் அவர் யோசிக்கவில்லை. கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வேர்வை ஒழுக, வாசலில் நின்றார்.

"வாங்க வாங்க. ஊட்டப் பாருங்க. போன தை மாசத்துக் காரை மாதிரி இருக்குதல்ல."

உண்ணாமலை சுவரைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தொரட்டுக்கோலால் கடைக்காலைத் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே நடந்தாள். கெட்டிக்காரி. எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது.

"கடக்கால் நல்லாருக்குதுங்க" என்று புருசனிடம் சொன்னாள்.

"ஊடும் நல்லாத்தான் இருக்குது" என்றார் சென்றாயன். பாவம், அவர் வெள்ளையைப் பார்த்து மயங்கிவிட்டார்.

"உள்ளார வந்து பாருங்க" என்று அங்கமுத்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். குஞ்சம்மாள் மெழுகி வைத்திருந்த தரையைப் பார்த்து உண்ணாமலை செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் பத்திரம் முடித்துவிடலாமா என்று அங்கமுத்து கேட்டார். முடித்துவிடலாம் என்று சென்றாயன் தலையாட்டினார். அந்த நேரம் அங்கமுத்துவின் பிட்டம் பஸ் சீட்டில் பாதி உட்கார்ந்திருக்கும்.

வெளியே யாரோ சத்தம் போட்டார்கள். "ஏனுங்க, ஆடு செவுத்தத் திங்குதுங்க."

நாங்கள் எல்லோரும் ஓடிப் போய்ப் பார்த்தோம். மந்தை முழுக்கத் தண்ணித் தொட்டியில் நிற்கிற மாதிரி சுவரோரம் வரிசையாக நின்றது. நாக்குச் சத்தம் சொரசொரவென்று கேட்டது. ஒவ்வொரு ஆட்டுக்கும் மூக்கெல்லாம் வெள்ளை. செம்மண் கரை போன இடம் தெரியவில்லை. வெள்ளை போன இடத்தில் மண், மண் போன இடத்தில் பொந்து. அங்கமுத்து கோட்டைக் கழற்றி வீசி விரட்டினார். ஆடுகள் நகர்ந்து நின்று கோட்டை நக்கப் பார்த்தன.

வாசலோரம் ஒரு பெரிய கிடாய் மட்டும் அசையவில்லை. வெடிப்பின் அடியில் மண்ணைக் கரைத்துத் தின்றுவிட்டு, உள்ளேயிருந்து ஒரு துணி முனையைக் கடித்து இழுத்தது. துணி வந்தது. கிடாய் பின்னால் நடக்க நடக்க வந்துகொண்டே இருந்தது. ஈரச் சுண்ணாம்பில் ஊறி, பாகு ஒட்டி, முழம் முழமாக வந்தது. கடைசியில் பொத்தென்று கீழே விழுந்தபோது ஜரிகைக் கரை வெயிலில் மின்னியது.

எங்கள் எல்லோருக்கும் அது என்னவென்று தெரிந்துவிட்டது. "அய்யோ, செத்த பெரியவரு உருமாலு" என்று ஒருத்தன் கத்தினான். குஞ்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நடந்தது இதுதான். அந்த வெடிப்பு ஆழமாக இருந்திருக்கிறது. நாரும் உமியும் நிற்காமல் உள்ளே விழுந்திருக்கிறது. நீளத் துணியாகச் சுண்ணாம்பில் முக்கித் திணித்தால் நிற்கும். குஞ்சம்மாள் தன் பழஞ்சேலையைக் கொடுக்க மாட்டாள், கட்டிக்கொள்ள இருந்ததே அதுதான். சாக்கு வாங்கக் காசு போகும். பெட்டியைத் திறந்து அப்பனுடைய உருமாலை எடுத்துத் திணித்துவிட்டார். அப்பன் கட்டின சுவருக்கு அப்பன் துணி என்று மனசைச் சமாதானம் பண்ணியிருப்பார். அந்த மனசுக்குச் சமாதானம் பெரிய வேலையில்லை.

ஆனால் ஆற்றோரத்துக்காரர்களுக்கு இது தெரியாதே. உண்ணாமலை புருசனின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"தொடாதீங்க. இது செத்தவிய உருமாலு. உப்பும் சுண்ணாம்பும் போட்டுச் செவுத்துக்குள்ள வெச்சிருக்குது. இது வைப்புங்க."

வைப்பு என்றால் செய்வினை. வேண்டாதவன் குடும்பம் நாசமாகட்டும் என்று எதையாவது மந்திரித்து வீட்டில் புதைத்து வைப்பது. எங்கள் பக்கத்தில் சுவருக்குள் செத்தவர் துணி இருந்தால் வேறு எதையும் யாரும் நினைக்க மாட்டார்கள்.

எல்லோரும் அங்கமுத்துவைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், வெடிப்பை நான்தான் அடைத்தேன் என்று. சொன்னால் வெடிப்பு வெளியே தெரிந்துவிடும், வீடு விற்காது, பஸ் போய்விடும். அவர் முகத்தில் கணக்கு ஓடுவதை நான் பார்த்தேன். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"ஆமாங்க. எவனோ வெச்சிருக்கான்" என்றார். "பங்காளிங்க பொறாம. காரவூட்டுல இருக்கறமுன்னு பொறுக்கல."

சொல்லிவிட்டு எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார். என் வீட்டுக்காரர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அவர் வளவில் எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற ஆள். தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, உருமாலு இருந்தது உங்க பொட்டீல. பொட்டிச் சாவி இருக்கறது உங்க அரணாக்கயித்துல. என்ற ஊட்டுக்காரரு உங்க இடுப்புக்குள்ள கைய உட்டு எடுத்தாருங்களா?"

கூட்டம் சிரித்தது. அவர் விடவில்லை.

"மந்தரம் பண்றவனுக்குச் சாவி எதுக்கு அம்மிணி?"

என் வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டு எங்கள் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் சாகிறவரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த வீட்டுத் தண்ணீரை மறுபடி வாயில் வைக்கவும் இல்லை.

உண்ணாமலை யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னாள். "கடக்கால் எங்குளுக்குப் புடிச்சிருக்குதுங்க. எங்கூர்ல தண்ணி ஏறப்போகுது, எங்குளுக்கும் ஊடு அவசரந்தான். மந்தரவாதியக் கூப்புட்டு இருக்கற வைப்பையெல்லாம் எடுத்துருங்க. நாங்க பக்கத்துல நின்னு பாக்கோணும். எடுத்துட்டா அன்னைக்கே பேசி முடிச்சுக்கலாம்."

அங்கமுத்துவுக்கு உயிர் வந்தது. இருந்த ஒரு துணியும் வெளியே வந்தாகிவிட்டது, மந்திரவாதி வந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார் என்று நினைத்துக்கொண்டார். கொத்தனாருக்குக் கூலி கொடுக்க மனசு வராதவர் மந்திரவாதிக்குச் சேவலும் கிடாயும் பேசினார்.

செவ்வாய்க்கிழமை மந்திரவாதி வந்தார். நெற்றி நிறையக் குங்குமம், தோளில் உடுக்கை. உடுக்கையை அடித்துக்கொண்டே சுவரோரம் எலுமிச்சம்பழத்தை உருட்டினார். பழம் பள்ளத்தில் போய் நின்றது. "இங்க ஒண்ணு இருக்குது" என்றார். கடப்பாரையால் குத்தச் சொன்னார். குத்தினால், உள்ளேயிருந்து தேய்ந்த செருப்பு ஒன்று விழுந்தது. கூட்டம் ஐயோ என்றது.

"மலையாளத்து வேல" என்றார் மந்திரவாதி. "உங்க மேல ஆருக்கோ கடுங்கோவம்."

அங்கமுத்து தலையாட்டினார். வேறென்ன செய்வார்?

மந்திரவாதிக்கு ஆச்சரியம்தான். எங்கே போனாலும் அவர் மடியில் ஒளித்து வைத்திருப்பதைத்தான் எடுத்துக் காட்டுவார் போலிருக்கிறது. இங்கே குத்தின இடமெல்லாம் நிஜமாகவே ஏதாவது வந்தது. அடுத்த இடத்தில் முடி மாதிரி நார்ச்சுருள். அதற்கடுத்து உடைந்த சட்டி, உள்ளே கருகின உமி. அதற்கடுத்து சீமாற்றுக் கட்டை. மனுசனுக்கு வெறி பிடித்துவிட்டது. உடுக்கையைக் கீழே வைத்துவிட்டுக் கடப்பாரையைத் தானே வாங்கிக்கொண்டார். "இன்னும் இருக்குது, இன்னும் இருக்குது" என்று நிலைக்கு மேலே, அரசங்கன்றின் வேர் இருந்த இடத்தில் குத்தி நெம்பினார்.

"அங்க ஒண்ணும் இல்லீங்க, உடுங்க" என்று அங்கமுத்து கத்தினார்.

"உங்குளுக்கு எப்படிங்க தெரியும்?" என்று உண்ணாமலை கேட்டாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் சுவர் முதலில் ஒரு முனகல் முனகியது. எல்லோரும் பின்னால் ஓடினோம். முன்சுவர் அப்படியே வாசலில் உட்கார்ந்தது. ஓடு சரசரவென்று இறங்கியது. புழுதி அடங்கினபோது தெருவிலிருந்து பார்த்தால் குஞ்சம்மாள் மெழுகின தரையும், அடுப்பும், மூலையில் குடமும் தெரிந்தன. கடைக்கால் மட்டும் அப்படியே நின்றது.

குஞ்சம்மாள் நடந்து வந்தாள். புழுதியில் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"இது என்ற சீமாறு. போன வாரமெல்லாம் தேடுனேன்" என்றாள். "இந்தச் சட்டி நான் குப்பையில போட்டது. இது கெணத்துக் கயித்து நாரு." கடைசியாகச் செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்து, புருசனின் காலடியில் போட்டாள். "இது உங்க செருப்புங்க. சோடி பொடக்காளீல கெடக்குது. எடுத்துட்டு வரட்டுங்களா?"

புழக்கடை என்று எழுத்தில் போடுவார்கள் போலிருக்கிறது, வீட்டுக்குப் பின்பக்கத்தைத்தான் சொன்னாள். அவள் கத்தவில்லை. சோறு ஆறிவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். கூட்டம் சிரித்த சிரிப்பு சந்தைவரைக்கும் கேட்டிருக்கும். மந்திரவாதி சேவலையும் கிடாயையும் பிடித்துக்கொண்டு பேசாமல் நடையைக் கட்டினார். அவர் செய்ததில் புத்தியான காரியம் அது.

"ஏனுங்க, வெடிப்புல அடச்சதுங்களா இதெல்லாம்?" என்று உண்ணாமலை அங்கமுத்துவைக் கேட்டாள்.

அவர் கோட்டில் இருந்த புழுதியைத் தட்டினார்.

"செவுரு வெடிச்சிருக்குதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, இடிச்சுக் கட்டிக்கறமுன்னு வாங்கியிருப்பமுங்களே. நான் கடக்காலப் பாத்துத்தான வந்தேன். இனிமே உங்க வாய நம்பி எப்படிங்க கைநாட்டு வெக்கறது?"

சென்றாயன் மந்தையை ஓட்டினார். ஆடிப் பதினெட்டும் வந்து போனது. பங்கு ஓமலூர்க்காரருக்குப் போனது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் குஞ்சம்மாள் செய்தது. ஆற்றில் தண்ணீர் ஏறியும் சென்றாயனுக்கு வீடு அமையவில்லை. உண்ணாமலை திரும்பி வந்தாள். அங்கமுத்துவிடம் இல்லை, குஞ்சம்மாளிடம். குடிசை போடக் காட்டோரம் கொஞ்சம் இடம் கேட்டாள். மழைக்கு ஆடுகளை அடைக்க இடம் கேட்டாள். குஞ்சம்மாள் முன்சுவர் இல்லாத முன்கட்டைக் காட்டினாள். படல் ஒன்று கட்டி அடைத்துக்கொண்டார்கள். ஆட்டெரு குஞ்சம்மாள் காட்டுக்குப் போனது. காடு நன்றாக விளைந்தது. வளவில் அந்த வீட்டைக் காரைவீடு என்று சொல்வதை விட்டு ஆட்டுவீடு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். புழுக்கையை மிதிக்க மாட்டேன் என்றவர் அதை மிதிக்காமல் தன் வீட்டுக்குள் போக முடியாது. மிச்சமிருந்த சுவர்களை ஆடு நக்காமல் இருக்கக் கையில் குச்சி வைத்துக்கொண்டு பகலெல்லாம் சுற்றிச் சுற்றி வருவார். இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் நக்கும். அப்போதும் கறுப்புக் கோட்டு போட்டிருப்பார். கோட்டில் வேர்வை உப்பு இருக்கிறதல்லவா, பின்னாலிருந்து ஒரு குட்டி அதையும் நக்கும்.

ஒரு தடவை தடத்தில் பஸ் நின்றது. தங்கசாமி முன்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏறுங்க மச்சான், சேலம் போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டான். நல்ல பையன், மனசாரத்தான் கூப்பிட்டான். டிரைவருக்குப் பக்கத்து இடத்தைக்கூட நகர்ந்து காட்டினான்.

"ஊட்டப் பாத்துக்க ஆளில்ல" என்றார் அங்கமுத்து.

பஸ் போய்விட்டது. என் வீட்டுக்காரரிடம் வந்து, அன்றைக்குச் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நானும் பார்த்தேன். சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் செத்தபோது வந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அப்போதும் சொல்லவில்லை.

யுத்த காலத்தில் அங்கமுத்துவும் செத்தார். கடையில் துணி கிடைக்காத சமயம். எங்களில் ஆம்பிளை செத்தால் தலைக்கு உருமால் கட்டித்தான் எடுக்க வேண்டும். மேச்சேரிக்கும் ஓமலூருக்கும் ஆள் அனுப்பியும் ஒரு முழம் அகப்படவில்லை. குஞ்சம்மாள் பெட்டியைத் திறந்து அந்த உருமாலை எடுத்தாள். எத்தனை தடவை துவைத்திருப்பாளோ, சுண்ணாம்பு ஏறின வெள்ளை அங்கங்கே திட்டுத்திட்டாக நின்றது. கட்டுகிறவரிடம் கொடுக்காமல் தானே கொண்டு வந்தாள். கிடாய் கடித்துக் கிழித்த முனையை உள்ளே மடித்து, ஜரிகை நெற்றிக்கு நேரே வருகிற மாதிரி சுற்றிக் கட்டினாள்.

நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கிழிசல் தெரியவில்லை. அந்த மனுசனுக்காகச் செய்த பூச்சுவேலையில் வெளியே தெரியாமல் நின்றது அது ஒன்றுதான்.